கீழ்த்தொட்டி மீன்கள் ஏழும் சுகம்

புதுப்பட்டினம்
25.11.1998, புதன்கிழமை

அன்பு மகன் தௌசிஃபுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை ஷாஹிதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் ஷாஹிதாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, அந்த ஏசி காற்றில் தலைவலி வராமல் இருக்கிறாயா என்பதுதான் ஐந்து வேளையும் என் துஆ. இந்தக் கடிதத்தை ரஹ்மத்துல்லா மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன், அவருக்கு நாளை இரவு ஃபிளைட், வெள்ளிக்கிழமை காலை ஷார்ஜாவில் இறங்கியதும் நேராக உன் ரூமுக்கு வந்து கொடுத்துவிட்டுத்தான் தன் ரூமுக்குப் போவேன் என்று சொல்லியிருக்கிறார். கூட ஒரு பொட்டலம் வருகிறது, நெத்திலிக் கருவாடும் பூண்டு ஊறுகாயும். ஊறுகாய் பாட்டிலை இரண்டு பாலிதீன் பை போட்டுக் கட்டியிருக்கிறேன், அப்படியும் எண்ணெய் கசிந்து மாமாவின் துணியில் பட்டிருந்தால் என் சார்பாக நீ சலாம் சொல்லிச் சமாளித்துக்கொள். கருவாட்டை ரூமில் இருக்கிற மலையாளப் பையன்களுக்கும் கொடு, தனியாகத் தின்னாதே, அதே சமயம் முழுவதையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டு நீ வாயைப் பார்த்துக்கொண்டு நிற்காதே.

மழை இந்த வருஷம் கொட்டித் தீர்த்துவிட்டது, தீபாவளி முடிந்த மறுநாள் பிடித்தது இன்னும் விட்டபாடில்லை, கல்பாக்கம் ரோட்டில் இரண்டு நாள் பஸ்ஸே வரவில்லை. உன் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, மேல்மாடிச் சுவரில் கொஞ்சம் ஓதம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். பெரியநத்தத்துப் பெண் வீட்டார் நோன்பு முடிந்து பெருநாள் கழித்து வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், ஆறு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற மாப்பிள்ளை என்று அவர்களுக்கு மனதுக்குள் சந்தோஷம்தான், அதனால் அதுவரை வீட்டுக்கு நல்ல பேர் இருக்கவேண்டும். குடித்தனக்காரர்கள் எல்லாரும் சௌக்கியம். இரண்டாம் போர்ஷன் சதாசிவம் சார் குழந்தை சுஷ்மிதாவுக்கு மட்டும் மழைக்காய்ச்சல் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகிறது, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பஸ் ஏறிப் போய்க் கஞ்சி கொடுத்துவிட்டு வருகிறேன், கண்ட தண்ணீரையும் குடிக்க வேண்டாம் என்று நம் வீட்டுத் தண்ணீரையே பிளாஸ்கில் பிடித்துக்கொண்டு போகிறேன். மேல் போர்ஷன் பக்தவத்சலம் சாரும் காய்ச்சல் என்று லீவு போட்டு வாலாஜாபாத்துக்குப் போனார், சீக்கிரம் வந்துவிடுவார். மூன்றாம் போர்ஷனில் இருக்கிற ஜெஸ்ஸி என்கிற பெண்ணுக்கு வாய் நீளம், மாதம் முடிந்ததும் காலி பண்ணச் சொல்லலாமா என்று பார்க்கிறேன், நீ என்ன சொல்கிறாய்.

அண்ணே, இதுவரைக்கும் அம்மா சொன்னது. இனிமேல் எழுதுவது நான். அம்மா இஷா தொழுதுவிட்டுப் படுத்துவிட்டார்கள், நான் அடுப்படியில் உட்கார்ந்து நல்ல தாளில் படி எடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன், உள்ளே அவர்கள் இருமும்போதெல்லாம் கையால் இந்தப் பக்கத்தை மூடிக்கொள்கிறேன். உங்களுக்கு இதுவரை நான் தனியாக ஒரு வரிகூட எழுதியதில்லை. வெள்ளிக்கிழமை போனில் பேசும்போது அம்மா ரிசீவரில் என் காதோடு தன் காதையும் வைத்துக்கொள்வார்கள், மற்ற நாளில் டயலுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுஷ்மிதாவுக்கு வந்திருப்பது மழைக்காய்ச்சல் இல்லை, டைபாய்டு. அது நம் வீட்டுத் தண்ணீரில் வந்தது. நீங்கள் தொட்டியில் விட்டுப்போன மீன்கள் ஏழும் செத்துவிட்டன. கொன்றது நான்தான்.

கோபப்படாமல் படியுங்கள் அண்ணே. தீபாவளி மழையில் நம் செப்டிக் டேங்க் நிரம்பி வாசல் பக்கம் வழிந்தது, அந்தத் தண்ணீர் எங்கேயும் ஓடாமல் நான்கு நாள் நம் குடிதண்ணீர்க் கீழ்த்தொட்டி மூடியைச் சுற்றி நின்றது. மழை கொஞ்சம் ஓய்ந்ததும் எல்லப்பன் கொத்தனாரைக் கூப்பிட்டு அம்மா காட்டினார்கள், அவர் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு செப்டிக் டேங்க் பக்கத்துச் சுவரில் நீளமாக ஒரு விரிசல் இருக்கிறது, அதன் வழியாகக் கசிகிறது என்றார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். "நான் அன்னிக்கே சொன்னேம்மா, கக்கூஸ் தொட்டி பக்கத்துல சம்ப்பு வாணாம், அந்தாண்ட பக்கம் வெட்டலாம்னு. உங்க புள்ள போன்ல காரு வுடணும் காரு வுடணும்னு ஒரே புடியா நின்னாரு. காரு எங்க கீது? உங்க பொண்ணு சைக்கிளுதான் நின்னுகினு கீது" என்றார். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது, என் மகன் நோன்புக்குப் பிறகு லீவில் வருவான், வந்து பார்த்துச் சொல்லட்டும், அதுவரை வீட்டில் கடப்பாரை விழக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வாரமே பஞ்சாயத்திலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் ப்ளீச்சிங் பவுடர் வாளியோடு வீடு வீடாக வந்தார், மழைக்குப் பிறகு எல்லாத் தொட்டியிலும் போடுகிறார்களாம். அம்மா கேட்டையே திறக்கவில்லை. "எங்க தொட்டில மீனு கீதுப்பா, மருந்து போட்டா செத்துடும், நீ வேற வூட்டப் பாரு" என்றார்கள். அவரும், மீன் இருந்தால் சரிதான், நல்ல தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாடி டேங்க் மூடி உடைந்து அஞ்சு மாதம் ஆகிறது, உள்ளே கைவிட்டால் அடியில் பாசி வழுக்குகிறது, அதையும் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் கீழே மீன் இருக்கிறதே.

இந்த வீட்டில் எல்லாரும் அந்த மீனைப் பார்த்துத்தான் தண்ணீர் குடித்தார்கள் அண்ணே. வீடு கட்டி முடித்து, லீவு முடிந்து நீங்கள் மறுபடி ஷார்ஜாவுக்குப் போகிற அன்று காலையில் ஏரியிலிருந்து ஏழு கெண்டைக் குஞ்சு கொண்டுவந்து விட்டீர்கள், இது ஓடுகிற வரைக்கும் தண்ணீருக்கும் பயமில்லை, எனக்கும் பயமில்லை, வாராவாரம் எண்ணிப் பார்த்துக்கொள் என்று அம்மாவிடம் விளையாட்டாகச் சொன்னீர்கள். அம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூன்று மணிக்கு உங்கள் போன் வரும், பேசி முடித்து அஸர் தொழுதுவிட்டு நான்கு மணிக்கு அம்மா போய் மூடியைத் திறந்து பொரி போட்டு எண்ணுவார்கள். சுஷ்மிதா பக்கத்தில் குந்திக்கொள்ளும். அந்தக் குழந்தை ஒன்று இரண்டு எண்ணக் கற்றுக்கொண்டதே அந்த மீனில்தான், இன்றைக்கும் அதற்கு ஏழுக்கு மேல் தெரியாது. ஏழும் இருந்தால் அம்மா மூடியைப் போட்டுவிட்டு, "என் புள்ள நல்லா கீறான்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருவார்கள். குடித்தனக்காரர்களும் வேடிக்கை பார்க்க வருவார்கள், ஆறாம் போர்ஷன்காரர் ஒரு தடவை, "மெட்ராஸ்ல காசு குடுத்து மீன் தொட்டி வெச்சுக்கினு கீறான், நமக்கு வாடகையோட ஃப்ரீ" என்று சிரித்தார்.

ஜெஸ்ஸி அக்காவுக்கு வாய் நீளம் என்று அம்மா எழுதச் சொன்னார்களே, அதற்குக் காரணம் இதுதான். அவர் செங்கல்பட்டில் ஒரு லேபில் வேலை செய்கிறார். சுஷ்மிதாவுக்கும் பக்தவத்சலம் சாருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சுஷ்மிதாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து டைபாய்டு என்று சொன்ன அன்று மாலை நேராக வந்து அம்மாவிடம், தொட்டித் தண்ணீரை நிறுத்துங்கள், எல்லா வீட்டிலும் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்கள் என்றார். அம்மா, "இன்னாடி நீ பெரிய டாக்டரா? ரெண்டு வருஷமா அந்தத் தண்ணிலதான் ஏழு மீனு ஓடிக்கினு கீது. வாயில்லாத ஜீவனுக்கே ஒண்ணும் ஆவல, மனுஷனுக்கு இன்னா ஆயிடும்?" என்று கேட்டார்கள். அதற்கு ஜெஸ்ஸி அக்கா, "மீனுக்கு டைபாய்டு வராது ஆன்ட்டி, மனுஷங்களுக்குத்தான் வரும். ஒரு கை ப்ளீச்சிங் பவுடர் போட்டிருந்தா இந்த மீனு ஒரு பொழுது தாங்கியிருக்காது. அது ஜோரா ஓடிக்கினு கீதுன்னா உங்க தண்ணில மருந்தே இல்லன்னுதான் அர்த்தம்" என்றார். அம்மாவின் கோபம் உங்களுக்குத் தெரியும், பிடிக்காவிட்டால் காலி பண்ணிக்கொண்டு போ என்று கத்திவிட்டார்கள். ஜெஸ்ஸி அக்கா ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். அவரைத் தவிர யாரும் காய்ச்சவில்லை. வீட்டுக்காரம்மா மேல் இருக்கிற கோபத்தில் சொல்கிறார் என்றார்கள். சுஷ்மிதாவின் அம்மா தெய்வநாயகி அக்கா மட்டும் கேட்டிருப்பார், ஆனால் அவர் அப்போது ஆஸ்பத்திரியில் குழந்தையின் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

போன வியாழக்கிழமை ஜெஸ்ஸி அக்கா என்னை மாடிப்படியில் நிறுத்தி ஒரு சின்ன பாட்டில் கொடுத்தார். உள்ளே மருந்து தடவிய ஒரு காகிதம் இருந்தது. தொட்டித் தண்ணீரை இதில் கழுத்துவரை பிடித்து மூடி ஒரு நாள் வை, தண்ணீர் நல்லதாக இருந்தால் அப்படியே இருக்கும், கக்கூஸ் தண்ணீர் கலந்திருந்தால் கறுத்துவிடும், நான் சொன்னால்தானே பொய், நீயே பார் என்றார். நான் அதை ஜியாமெட்ரி பாக்ஸுக்குப் பின்னால் வைத்தேன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நீங்கள் போன் செய்தீர்கள், அம்மா எல்லாரும் சுகம் என்றார்கள், நானும் சுகம் என்றேன். நான்கு மணிக்கு அம்மா மூடியைத் திறந்து ஏழும் இருக்கிறது என்றார்கள். ஐந்து மணிக்கு நான் போய் பாட்டிலைப் பார்த்தேன். மை ஊற்றியது போல இருந்தது.

அன்றைக்கே அம்மாவிடம் காட்டியிருக்கவேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை. அதைவிடப் பெரிய பயம் வேறு. மறுநாள் சனிக்கிழமை காலை அம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பிளாஸ்கைக் கொண்டுபோய்க் குழாயில் பிடித்ததைப் பார்த்தேன். எந்தத் தண்ணீரில் அந்தக் குழந்தைக்கு நோய் வந்ததோ அதே தண்ணீரை நம் அம்மா முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய் அதன் வாயில் ஊற்றுகிறார்கள். அம்மாவுக்கு அதன் மேல் உயிர். அதற்கு ஊட்டாமல் அவர்களுக்குச் சோறு இறங்குவதில்லை. அன்றைக்கு நான் பிளாஸ்கைக் கழுவித் தருகிறேன் என்று வாங்கி, உள்ளே போய்க் கொட்டிவிட்டு, டீக்கு வைத்திருந்த வெந்நீரை ஊற்றிக் கொடுத்தேன். சூடாக இருக்கிறதே என்றார்கள், குழந்தைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது என்றேன். அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் அம்மா எழுந்திருப்பதற்கு முன்னால் காய்ச்சி ஆறவைத்துப் பிளாஸ்கை நிரப்பிவிடுகிறேன். அம்மா குடிக்கிற பானையிலும் காய்ச்சின தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன், கேஸ் சீக்கிரம் தீர்ந்துபோகிறதே என்று அவர்களுக்கு ஆச்சரியம். ஆனால் குடித்தன வீடு ஆறிலும் அதே குழாய்தானே, நான் எத்தனை பானையில் போய் ஊற்றுவேன்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை அம்மா துக்க வீடு ஒன்றுக்குப் போயிருந்தபோது ஜெஸ்ஸி அக்கா அளந்து கொடுத்த பவுடரை வாளியில் கரைத்து, தெளியவைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றினேன். மோட்டாரைப் போட்டு மாடி டேங்க்கில் ஏற்றி, மேலே போய் உடைந்த மூடிக்குப் பதில் ஒரு தகரத்தை வைத்துக் கல் வைத்தேன். ஊற்றுகிற வரைக்கும் மீன் என் கண்ணிலேயே இருந்தது, வெளியே எடுத்துவிட்டு ஊற்றலாம் என்று வலைகூட வைத்திருந்தேன், ஆனால் தொட்டி ஆழம், மீன் மூலைக்குப் போய் ஒளிந்துகொண்டது, அம்மா வந்துவிடுவார்களோ என்று பயந்து ஊற்றிவிட்டேன். சாயங்காலம் திறந்தபோது ஏழும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. வாளியில் அள்ளி கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் புதைத்தேன். அம்மா வந்ததும், "இன்னாது வூடு பூரா ஆஸ்பத்திரி வாசன அடிக்குது" என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போய் உங்கள் மூக்கில் ஒட்டிக்கொண்டது என்று சொன்னேன். எனக்கு இவ்வளவு சீக்கிரம் பொய் வரும் என்று எனக்கே தெரியாது. அந்த இரவு எனக்குத் தூக்கமே இல்லை அண்ணே. பத்தாவது படிக்கிறேன், மீனுக்கும் மனிதனுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் நீங்கள் சாரத்தில் ஏறி வேலை பார்ப்பதே கண்முன்னால் வந்தது. வெள்ளிக்கிழமை உங்கள் குரலைக் கேட்டால்தான் எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கும்.

திங்கட்கிழமை ஸ்கூலிலிருந்து வரும் வழியில் எல்லப்பனைப் பார்த்தேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாமல் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் பீடியை எடுத்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கா அய்வுற பாப்பா? ஏரில இன்னும் நாலு வருஷத்துக்கு மீனு கீது. நாளைக்கே ஏழு புடிச்சாறேன், ராவோட வுட்டுடு. உங்கம்மா இன்னா பேரு வெச்சா வளக்குது, இது அது இல்லன்னு சொல்ல? அது மட்டும் இன்னா, மூணு தபா என்கிட்ட வாங்கிகினு போயி மாத்தலியா?" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவரே சொன்னார். நீங்கள் போன ஆறாம் மாதம் இரண்டு மீன் செத்திருக்கிறது, போன வருஷம் மழையில் நான்கு, இந்த வருஷம் வெயிலில் ஏழுமே. ஒவ்வொரு தடவையும் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லப்பன் வீட்டு வாசலில் போய் நின்று, யாரிடமும் சொல்லாதே, என் மகன் காதுக்குப் போனால் தூரதேசத்தில் மனம் ஒடிந்துவிடுவான் என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறார்கள். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஜூன் மாதம் சுஷ்மிதா மூடியருகில் குந்திக்கொண்டு, "பெரியம்மா, இது வேற மீனு, அதுக்கு வால்ல கறுப்பு இருந்துச்சு" என்றது. அம்மா அதட்டி மூடியைப் போட்டுவிட்டார்கள். நான்கு வயதுக் குழந்தை கண்டுபிடித்தது எனக்குத் தெரியவில்லை. நீங்கள் விட்ட மீனில் ஒன்றுகூட இப்போது இல்லை, எல்லாம் எப்போதோ போய்விட்டன. ஆனால் இரண்டு வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் மீன் ஏழும் சுகம் என்று என் கையெழுத்தில்தான் உங்களுக்கு வந்திருக்கிறது.

அம்மாவைத் தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் பயப்படக் கூடாது என்று அவர்கள் மறைத்தார்கள், அவர்கள் பயப்படக் கூடாது என்று நான் மறைத்தேன், இதற்கு நடுவில் அந்தக் குழந்தை படுத்துக்கொண்டது. நேற்று எல்லப்பன் சொன்னபடியே பெயிண்ட் வாளியில் ஏழு மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். குளியலறை மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன், இப்போதும் வால் அடிக்கிற சத்தம் கேட்கிறது. ராத்திரியோடு விட்டுவிடலாம் என்று நேற்று எழுந்தும் போனேன். தொட்டி மூடியைத் தூக்கினேன், பவுடர் வாசனை போய்விட்டிருந்தது, விட்டிருந்தால் மீன் பிழைத்திருக்கும். வாசனை போனால் மருந்தும் போய்விட்டது என்றுதானே அர்த்தம் என்று அப்போதுதான் உறைத்தது. திங்கட்கிழமை இரவு மறுபடி மழை பெய்து செப்டிக் டேங்க் வழிந்திருந்தது. மீனை விடாமல், ஜெஸ்ஸி அக்கா கொடுத்திருந்த இன்னொரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தேன். இன்று மாலை பார்த்தேன். இதுவும் கறுத்துவிட்டது அண்ணே. ஜெஸ்ஸி அக்காவிடம் காட்டினேன், விரிசலை அடைக்காமல் மருந்து மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் ஓட்டை வாளியில் தண்ணீர் இறைக்கிற கதைதான், இது உன்னால் முடிகிற வேலை இல்லை, வீட்டுக்குச் சொந்தக்காரர் செய்யவேண்டியது என்றார். சொந்தக்காரர் நீங்கள்தான். பத்திரம் உங்கள் பேரில் இருக்கிறது, அம்மா உங்கள் பேச்சைத் தவிர யார் பேச்சையும் கேட்கமாட்டார்கள்.

சுஷ்மிதாவுக்குக் காய்ச்சல் வந்து இன்றைக்குப் பதினான்காவது நாள். மலத்தில் இரத்தம் போகிறதாம், குடல் பலவீனமாக இருக்கிறது, இந்த வாரம் தாண்டவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சதாசிவம் சார் அம்மாவிடம் சொல்லும்போது கேட்டேன். அம்மா அதை உங்களுக்கு எழுதச் சொல்லவில்லை. சார் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டுத் தண்ணீரும் நீங்கள் கொடுக்கிற கஞ்சியும்தான் அதற்கு இறங்குகிறது என்று அம்மாவைக் கும்பிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். குழந்தை பேசவே மாட்டேன் என்கிறதாம், அம்மாவைப் பார்த்தால் மட்டும், மீன் எண்ணியாச்சா என்று கேட்கிறதாம். இனிமேல் காலையில் பிளாஸ்கை அம்மாவே பிடிக்கப் போகிறார்களாம், எனக்கு அரைப்பரீட்சை வருகிறது, விடியற்காலையில் அடுப்படியில் நிற்காமல் படி என்கிறார்கள். நான் முந்திக்கொள்வேன். ஆனால் எத்தனை நாள் முந்துவேன்.

அதனால் அண்ணே, கடிதம் கிடைத்த அன்றே, அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் போன் செய்யும்போது, வேறு எதுவும் பேசுவதற்கு முன்னால் அம்மாவிடம் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீரை யாரும் காய்ச்சாமல் வாயில் வைக்கக் கூடாது என்று ஆறு வீட்டுக்கும் அம்மா வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள், ஜெஸ்ஸி அக்கா சொன்னால் கேட்காதவர்கள் அம்மா சொன்னால் கேட்பார்கள். எல்லப்பனைக் கூப்பிட்டு அந்தத் தொட்டியை இறைத்து மூடிவிட்டு, கார் நிறுத்த விட்ட இடத்தில் புதுத் தொட்டி வெட்டச் சொல்லுங்கள், அதுவரை பஞ்சாயத்துத் தண்ணீரை டிரம்மில் பிடித்துக்கொள்ளலாம், கஷ்டம்தான், ஆனால் முடியும். செப்டிக் டேங்க்கை லாரி வைத்து எடுக்கவேண்டும், மாடி டேங்க்கைத் தேய்த்துக் கழுவி நல்ல மூடி போடவேண்டும். புதுத் தொட்டியில் வாராவாரம் மருந்து போட நானே நாள் பார்த்துக்கொள்கிறேன், மீன் மட்டும் வேண்டாம். குடித்தனக்காரர்கள் சிலர் காலி பண்ணலாம், பெரியநத்தத்துக்காரர்கள் காதுக்கும் போகலாம், அம்மா அழுவார்கள். ஷாஹிதாவைக் காட்டிக்கொடுக்காதீர்கள், நீங்களாகச் சொல்வதுபோலச் சொல்லுங்கள் என்று ரஃப் நோட்டில் எழுதியிருந்தேன், இங்கே படி எடுக்கும்போது விட்டுவிட்டேன். நான்தான் பவுடர் போட்டேன் என்று சொல்லுங்கள். அடித்தாலும் பரவாயில்லை. ஆனால் முதலில், மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டால் மற்றதை அவர்கள் தாங்கிக்கொள்வார்கள்.

வாளியில் இருக்கிற ஏழையும் காலையில் ஸ்கூலுக்குப் போகும்போது ஏரியில் விட்டுவிடப் போகிறேன். உங்களுக்குத் தெரியும், அம்மா எப்போதும் வெளிச்சம் இருக்கும்போதே கடைசித் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கடிதத்தைச் சொல்லவே ஆரம்பிப்பார்கள். இன்றைக்கும் போட்டுக் கொடுத்து, "நான் பேர் போட்ட தாளு, இதுல நீ இன்னா எழுதினாலும் அது என் வாக்கு, பாத்து எழுது" என்றார்கள். இதோ அந்தத் தாள்தான். இனி வருவது மறுபடி அம்மா சொன்னது, ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. துஆவுக்கு முன்னால் வழக்கம்போல மீனைப் பற்றி ஒரு வரி சொன்னார்கள், அந்த ஒரு வரியை மட்டும் நான் எழுதவில்லை.

நோன்புக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை, ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க அந்த மலையாளப் பையன்களை நம்பாமல் கடிகாரத்தில் அலாரம் வைத்துக்கொள். வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. உயரத்தில் ஏறும்போது பிஸ்மி சொல்லி ஏறு. வெயிலில் வேலை செய்துவிட்டு வந்ததும் பச்சைத் தண்ணீரை மடக்மடக்கென்று குடிக்காதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே தொண்டைக்கு ஆகாது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல பேரையும் தருவானாக, உன் கையால் கட்டிய வீட்டில் குடியிருக்கிறவர்கள் எல்லாரும் உனக்காக துஆ செய்கிறவர்களாக இருப்பார்களாக. அத்தா இருந்திருந்தால் உன்னைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாரோ அதையெல்லாம் நானே சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
ஜெய்புன்னிசா

அண்ணே, வெள்ளிக்கிழமை மூன்று மணி. நான்கு மணிக்கு மூடியைத் திறப்பார்கள்.
ஷாஹிதா